லேசர் அக்குபஞ்சரும் கார்ப்பல் டன்னலும்: 14 மாதம் எழுதிவைத்த கணக்கு

ராத்திரி 2 மணிக்கு எழுந்து கையை உதறுவது எனக்கு ஒரு வருடமாகப் பழக்கமாகவே ஆகியிருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், உள்ளுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். எழுந்து உட்கார்ந்து, பழைய பாதரச தெர்மாமீட்டரை உதறுவோமே, அப்படி உதறினால் இரண்டு நிமிடத்தில் உணர்வு திரும்பும். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. இதைச் சொன்னதுமே மருத்துவர், "கார்ப்பல் டன்னலாகத்தான் இருக்கும்" என்றார். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு.

மணிக்கட்டில் கீழே எலும்புகள், மேலே ஒரு தடித்த தசைநார்ப் பட்டை. நடுவில் இருக்கும் இடுக்கான பாதை வழியாக 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. அந்த மீடியன் நரம்பு நசுங்குவதுதான் பிரச்சினை. கை மடங்கினால் உள்ளே அழுத்தம் இன்னும் ஏறும். தூக்கத்தில் நமக்குத் தெரியாமலே மணிக்கட்டு மடங்கிக்கொள்வதால்தான் ராத்திரியில் இந்தப் பாடு. இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வைத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு 20 விநாடியிலேயே வலது கை மரத்துவிட்டது. இடது கைக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நரம்புக் கடத்தல் பரிசோதனையில் வலது கை மிதமான பாதிப்பு, இடது கை லேசான பாதிப்பு என்று வந்தது. மருத்துவர் சொன்ன வரிசை இதுதான்: முதலில் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட், சரியாகவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் கேட்கவில்லை என்றால் அறுவை சிகிச்சை. அக்குபஞ்சர் புள்ளிகளில் ஊசிக்குப் பதிலாக லேசர் ஒளியைக் காட்டும் லேசர் அக்குபஞ்சரைத் தேடிப்போனது நானாகத்தான். ஊசி என்றால் எனக்கு ஆகாது. இதில் குத்துவதே இல்லை என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

முதலில் போன இடத்தில் ஒரு சிவப்பு விளக்குப் பேனாவை ஒவ்வொரு புள்ளியிலும் 30 விநாடி காட்டினார்கள். கருவியின் திறன் என்ன என்று கேட்டேன். 5 மில்லிவாட் என்று அதிலேயே ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மில்லிவாட்டை விநாடியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல் வரும். ஒரு புள்ளிக்கு 0.15 ஜூல்! இந்தச் சிகிச்சையைப் பற்றிப் படித்ததில் எல்லாம் ஒரு புள்ளிக்குச் சில ஜூல்கள் என்றுதான் பார்த்திருந்தேன். இரண்டு சிட்டிங்கோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன். லேசர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் அலைநீளம், திறன், ஒரு புள்ளிக்கு எத்தனை விநாடி என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் கையை நீட்டாதீர்கள்.

இரண்டாவது இடத்தில் இருந்தது 830 நானோமீட்டர் அகச்சிவப்புக் கருவி. 100 மில்லிவாட், ஒரு புள்ளிக்கு 40 விநாடி, ஆக 4 ஜூல். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது. அதனால் சிகிச்சை தருபவர், நான் இரண்டு பேருமே அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி போட்டுக்கொண்டோம்.

கையை மேசையில் மல்லாத்தி, மணிக்கட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைப்பார். கருவியின் முனையை மணிக்கட்டு ரேகையின் நடுவில், இரண்டு தசைநாண்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் அழுத்திப் பிடிப்பார். அக்குபஞ்சரில் அந்தப் புள்ளியின் பெயர் பெரிகார்டியம் 7. அங்கிருந்து இரண்டு கட்டைவிரல் அகலம் மேலே பெரிகார்டியம் 6, உள்ளங்கையில் பெரிகார்டியம் 8. சூடு இல்லை, குத்தல் இல்லை, முனையின் அழுத்தம் மட்டும் தெரியும். 40 விநாடி முடிந்ததும் ஒரு பீப். அப்புறம் அடுத்த புள்ளி.

நரம்பு மணிக்கட்டுக்குள் நுழைகிற இடமும் பெரிகார்டியம் 7-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'புள்ளி'யில் லேசர் அடித்தாலும் 'நரம்பின் மேல்' லேசர் அடித்தாலும் ஒளி போய்ச் சேருவது ஒரே இடத்துக்கு. அதனால் பலன் கிடைத்தால் அது அக்குபஞ்சரின் பலனா, வெறும் ஒளியின் பலனா என்று என் கையை வைத்துச் சொல்ல வழியில்லை.

வாரம் 3 என்று 5 வாரத்தில் 15 சிட்டிங். மோசமான கைக்கு முதலில் பார்ப்போம் என்று வலது கைக்கு மட்டும் லேசர். ஸ்பிளின்ட் இரண்டு கைக்கும். திட்டம் போட்டுச் செய்ததில்லை இது, தானாக அமைந்தது. ஆனால் இந்த 14 மாதத்தில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். தலையணைக்கு அருகில் ஒரு நோட்டு வைத்து, எந்தக் கையால் எத்தனை முறை விழித்தேன் என்று கோடு போட்டுவந்தேன்.

தொடக்கத்தில் வலது கை இரவுக்கு 4 முறை, இடது கை 2 முறை எழுப்பும். 5 வாரம் முடிந்தபோது வலது கை ஒரு முறை எழுப்பியது, இடது கை எழுப்பவே இல்லை. லேசரே படாத இடது கையும் தேறிவிட்டதே! அதைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வலது கைக்கு லேசரைத் தொடர்ந்தபடியே ஸ்பிளின்ட்டை மட்டும் 10 இரவு கழற்றிவைத்தேன். நான்காம் இரவே பழையபடி மூன்று கோடு. திரும்பப் போட்டதும் ஒரே வாரத்தில் குறைந்தது. என் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது ஸ்பிளின்ட்தான்.

சரி, அப்படியென்றால் லேசர் எதற்கு? வலது கையில் இன்னொரு வலி உண்டு. பகல் முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டு எழுந்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் வரை ஏறும் கடுகடுப்பு. சிட்டிங் போன அன்றும் மறுநாளும் அது நன்றாகவே குறைந்தது, மூன்றாம் நாள் மெல்லத் திரும்பியது. மாதங்கள் போகப்போக வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆக்கியும் அந்த ஆறுதல் நீடித்தது. நம்பிக்கையினால் வந்த பலனாகவும் இருக்கலாம். இருந்தாலும் வலி குறைந்த மாலைகளில் என்னால் வேலை செய்ய முடிந்தது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆராய்ச்சிகளையும் தேடிப் படித்தேன். 2002-ல் பாஸ்டனில் 11 பேரிடம் நடந்த ஆய்வில் உண்மையான சிகிச்சை, போலிச் சிகிச்சை இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மையானதில் வலி கணிசமாகக் குறைந்தது. ஆனால் அங்கே லேசரோடு மிக மெல்லிய மின்தூண்டலும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். என் ஸ்பிளின்ட் குழப்பம் போலத்தான். 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், கார்ப்பல் டன்னலுக்குக் குறைதிறன் லேசர் தெளிவான பலன் தருகிறது என்று சொல்ல முடியவில்லை. ஆதாரங்களின் தரமும் மிகக் குறைவு என்றார்கள். படித்தபோது மனசு கொஞ்சம் வாடியது உண்மை. என் நோட்டும் ஏறக்குறைய அதையே சொன்னது.

எட்டாவது மாதம் மறுபடியும் நரம்புப் பரிசோதனை. நரம்பு வழியாகச் சைகை போய்ச்சேர எடுக்கும் நேரம் வலது கையில் 5.0 மில்லிசெகண்டாக இருந்தது, 4.7 ஆகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வகத்தின் இயல்பு வரம்பு 4.2. எனக்கு ஒரே சந்தோஷம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: கை சில்லென்று இருந்தாலே நரம்பின் வேகம் குறையும், அதனால்தான் பரிசோதனைக்கு முன் கையைச் சூடுபடுத்துகிறோம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மோசமாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வலி குறைவதும் நரம்பு தேறுவதும் ஒன்றில்லை என்று அவர் அப்போது சொன்னதுதான் எனக்கு இன்னும் கவலையாகவே இருக்கிறது. வலி அடங்கிவிட்டதே என்று லேசரிலேயே இருந்துவிட்டு, உள்ளே நரம்பு நசுங்கிக்கொண்டே போனால்?

அதனால் வாரம் ஒரு முறை, ஞாயிறு காலையில், இரண்டு உள்ளங்கைகளையும் சன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு தட்டையாகிறதா, சட்டைப் பொத்தான் மாட்டும்போது விரல் தடுமாறுகிறதா என்று. உங்களுக்கு இதில் ஏதாவது தொடங்கியிருந்தால், அல்லது மரத்துப்போவது பகலிலும் விடாமல் இருந்தால், லேசருக்கு 15 சிட்டிங் செலவழிக்காமல் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்தச் சதை கரைந்துவிட்டால் அறுவை சிகிச்சை செய்தாலும் முழுதாகத் திரும்பும் என்ற உறுதி கிடையாது.

எனக்கு இதுவரை மேடு அப்படியே இருக்கிறது. லேசர் இப்போது மாதம் ஒன்று, வேலை கூடுதலான வாரங்களில் மட்டும் இரண்டு. ஸ்பிளின்ட் தினமும். நேற்று ராத்திரி நோட்டில் ஒரு கோடும் இல்லை.