‘காங்கோ’: ஒரு கொரில்லா தாங்கி நிற்கும் நாவல்

மைக்கேல் கிரைட்டன் எழுதி 1980இல் வெளிவந்த ‘காங்கோ’ நாவலைப் படித்தவர்களின் கருத்துகள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு சாரார் அதன் வேகத்தைப் புகழ்ந்து, கையில் எடுத்தால் முடிக்காமல் வைக்க மனம் வராது என்கிறார்கள். மற்றொரு சாரார், கணினிகளையும் செயற்கைக்கோள்களையும் பற்றிய நீண்ட விளக்கங்கள் காலாவதியாகிவிட்டன என்றும், முடிவு அவசரகதியில் எழுதப்பட்டிருக்கிறது என்றும் குறைப்படுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த நாவலை இன்றும் படிக்க வைப்பது வேகம் மட்டுமல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. சைகை மொழி கற்ற எமி என்ற இளம் கொரில்லாவே இதன் உயிர்.

கதை 1979ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அன்று ஜைர் என்று அழைக்கப்பட்ட, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, விருங்கா எரிமலைகளை ஒட்டிய மழைக்காட்டில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இயங்கும் ஒரு நிறுவனம் அங்கே அனுப்பிய குழு, மண்டை நசுங்கி மாண்டு கிடக்கிறது. செயற்கைக்கோள் வழியே வந்த காணொளியில், ஒரு கணம் மட்டும் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்து மறைகிறது. என்ன நடந்தது என்று அறியவும், அதைவிட முக்கியமாக, போட்டி நிறுவனத்தாரை முந்திக்கொண்டு அங்கே காட்டுக்குள் தொலைந்துபோன பழைய நகரம் ஒன்றில் இருக்கும் நீல வைரங்களைக் கைப்பற்றவும் இரண்டாவது குழு புறப்படுகிறது. கணிதத்தில் அபாரத் திறமை கொண்ட கேரன் ராஸ், விலங்கியல் ஆய்வாளர் பீட்டர் எலியட், கூலிப்படையில் இருந்து பழகிய வழிகாட்டி மன்றோ, சுமை தூக்கும் கென்யாவின் கிக்குயு இனத்து இளைஞர்கள், அவர்களோடு எமி ஆகியோரே அந்தக் குழுவினர்.

தொழில்நுட்பம் பழையதாகிவிட்டது என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அன்று வியப்பூட்டிய கருவிகள் பல இன்று சாதாரணமாகிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அவற்றைக் கிரைட்டன் எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று பார்த்தால் அந்தப் பக்கங்கள் சலிப்பதில்லை. புவி வளங்களை ஆராயும் முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு பூமியின் கனிமங்களைத் தேடலாம் என்ற நம்பிக்கை அப்போது புதிது. அந்த நம்பிக்கையையே நாவல் தன் முதலீடாக எடுத்துக்கொள்கிறது. காட்டில் நடப்பவர்களுக்கு அடுத்த அடியைச் சொல்வது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு கணினி. அது ஒவ்வொரு தாமதத்தையும் கூட்டிக் கழித்து, போட்டியாளர்களை முந்த முடியுமா என்று மறுபடி மறுபடி கணக்கிடுகிறது. சூரியப் புயலாலும் எதிராளிகளின் குறுக்கீட்டாலும் தொடர்பு அறுந்துபோகும்போது, அதுவரை திரையை மட்டுமே நம்பியிருந்தவர்கள் மரங்களையும் இரவின் சத்தங்களையும் நம்ப வேண்டியிருக்கிறது. நாவலின் மிகச் சிறந்த பதற்றம் அந்த இடங்களில்தான் பிறக்கிறது. கருவிகள் எவ்வளவு பழையனவாக இருந்தாலும், தொலைவிலிருந்து வரும் கட்டளைக்கும் களத்தில் நிற்பவனின் கண்ணுக்கும் இடையிலான இந்த முரண் இன்றைய வாசகருக்கு உடனே புரியும்.

எமியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நாவல் அவளுக்கு 620 சைகைச் சொற்களைக் கொடுக்கிறது. இது வெறுங்கற்பனை அல்ல. 1971இல் சான் ஃபிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிசாலையில் பிறந்த கோகோ என்ற கொரில்லாவுக்கு, மறு ஆண்டிலிருந்தே பிரான்சின் பாட்டர்சன் சைகைகளைக் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். அதே சமயம் எதிர்க்குரலும் எழுந்தது. நிம் என்ற சிம்பன்சியை வைத்து ஆய்வு நடத்திய ஹெர்பர்ட் டெரஸ், அது வாக்கியம் அமைக்கவில்லை என்றும், பெரும்பாலும் ஆசிரியர்களின் சைகைகளையே திரும்பச் செய்கிறது என்றும் 1979இல் எழுதினார். கிரைட்டன் இந்த விவாதத்தின் நடுவில் நின்று எழுதியிருக்கிறார். அந்தச் சூடு பக்கங்களில் தெரிகிறது. எமி பிடிவாதம் பிடிக்கிறாள், பொறாமைப்படுகிறாள், அச்சத்தைக் கனவாகவும் ஓவியமாகவும் வெளிப்படுத்துகிறாள். அவள் விலங்கா, குழந்தையா, ஆய்வுப் பொருளா என்ற தீர்மானத்துக்கு எலியட்டால் வர முடிவதில்லை. வாசகரும் அவரோடு சேர்ந்தே தடுமாறுகிறார். மனிதப் பாத்திரங்கள் யாருக்கும் இந்த ஆழம் வாய்க்கவில்லை. கேரன் ராஸின் பேராசையும் மன்றோவின் நிதானமும் ஒரே கோட்டில் வரையப்பட்டவை, கடைசிவரை அந்தக் கோட்டை விட்டு அவர்கள் விலகுவதில்லை.

கொரில்லாக்களைப் பற்றிய நாவலின் அறிவு அதன் மர்மத்துக்கும் பெரிதும் உதவுகிறது. 1959 முதல் ஜார்ஜ் ஷாலர் விருங்காவில் செய்த கள ஆய்வும், 1967 முதல் ருவாண்டாவில் டையன் ஃபாசி செய்த ஆய்வும், மலைக் கொரில்லாக்கள் இலைதழைகளைத் தின்று குடும்பமாக வாழும் சாதுவான உயிர்கள் என்று உலகுக்குக் காட்டியிருந்தன. நாவலும் இதையே நமக்குக் கற்பிக்கிறது. அதனால்தான் ஏதோ ஒரு வாலில்லாக் குரங்கினம் மனிதர்களைத் திட்டமிட்டுக் கொல்கிறது என்று தெரியவரும்போது நமக்குக் கிடைக்கும் அதிர்ச்சி முறையானது. அறிவியல் விளக்கத்தை முதலில் விதைத்து, பிறகு அதன் மீதே திகிலை வளர்ப்பது இந்த எழுத்தாளரின் கைதேர்ந்த உத்தி.

வைரங்களைப் பொறுத்தவரை பாதி சரி, பாதி கற்பனை. போரான் என்ற தனிமம் கலந்த நீல வைரம், கணினிச் சில்லுகளில் பயன்படும் பொருள்களைப் போல மின்சாரத்தை ஓரளவு கடத்தும் குறைக்கடத்தியாகச் செயல்படும் என்பது அறிவியல் உண்மை. புகழ்பெற்ற ஹோப் வைரமும் அந்த வகையைச் சேர்ந்ததே. எதிர்காலக் கணினிகளுக்காக அதைத் தேடுகிறார்கள் என்ற ஊகம் கதைக்குப் பொருத்தமானது, ரசிக்கத்தக்கதும்கூட. ஆனால் வைரங்கள் மிகப் பழைமையான, அசைவற்ற நிலப்பகுதிகளில் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறையாலான குழாய்கள் வழியே மேலே வருபவை. காங்கோவின் வைரங்களும் பெரும்பாலும் நாட்டின் தெற்கே கசாய் பகுதியில்தான் கிடைக்கின்றன. கண்டம் பிளவுபடும் பகுதியில் எழுந்த விருங்கா எரிமலைகள் அவற்றுக்கான இடம் அல்ல. எரிமலைச் சீற்றத்தை இறுதியில் கொண்டுவர வேண்டும் என்ற கதைத் தேவைக்காகவே இரண்டும் ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சீற்றம் தன்னளவில் நம்பத்தக்கதே. அங்குள்ள நியிரகோங்கோ எரிமலை 1977 ஜனவரியில் வெடித்து, அதன் எரிகுழம்பு ஏரி மிகக் குறுகிய நேரத்தில் வடிந்து ஓடியது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த குறை வேறு. காட்டை அறிந்த மக்கள் இந்த நாவலில் ஏறக்குறைய குரலற்றவர்கள். சுமை தூக்குவோர் அச்சம் கொள்ளவும் சாகவும் மட்டுமே வருகிறார்கள். கிகானி என்று பெயரிடப்பட்ட இனத்தார் மனிதரைத் தின்போர் என்ற அடையாளத்துக்கு மேல் எதுவும் பெறவில்லை. ஒரு கொரில்லாவின் மனத்துக்குள் இவ்வளவு பொறுமையாக இறங்கிப் பார்த்த எழுத்தாளர், அதில் கால்பங்கு அக்கறையையாவது இந்த மனிதர்களிடம் காட்டியிருக்க வேண்டும். தொலைந்த நகரமும் புதையலும் தேடிச் செல்லும் 19ஆம் நூற்றாண்டுச் சாகசக் கதைகளின் மரபை அவர் விரும்பி ஏற்றார். அந்த மரபின் கண்ணோட்டமும் சேர்ந்தே வந்துவிட்டது. கதை அன்றைய காலத்தது என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை.

முடிவைப் பற்றிய வாசகர்களின் ஏமாற்றத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். தொலைந்த நகரத்தை அடையும்வரை ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணிச் சொன்ன நாவல், அடைந்த பிறகு அங்கே தங்கி எதையும் பார்ப்பதில்லை. சாம்பல் நிறக் குரங்குகளின் ஒலிகளைப் பிரித்தறிந்து, அவற்றின் மொழியிலேயே பதில் சொல்ல முயலும் பகுதி இந்த நூலின் உச்சமாக வளர்ந்திருக்க வேண்டியது. ஆசிரியர் அதைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார். அந்தச் சில பக்கங்களுக்காகவே நூலை இரண்டாம் முறை படிக்கலாம் என்பது வேறு விஷயம்.

1995இல் வெளிவந்த திரைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாவலை ஒதுக்கியவர்கள் ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்க வேண்டும். படத்தில் எமியின் சைகைகளை ஒரு கருவி குரலாக மாற்றிப் பேசுகிறது. நாவலில் அவள் கைகளால் மட்டுமே பேசுகிறாள். அந்த மௌனம் அவளுக்குக் கூடுதல் கண்ணியத்தைத் தருகிறது. முதல் ஐம்பது பக்கங்களில் வரும் நிறுவன விவரங்களும் கணினித் திரைகளும் அயர்ச்சி தந்தால், அவற்றை வேகமாகக் கடந்து எமி அறிமுகமாகும் இடத்திலிருந்து நிதானமாகப் படிக்கலாம். கதையின் இழை அறுந்துபோகாது.