பாளையங்கோட்டை மாடியில் ரோமாபுரி: ஒரு நீர்வண்ண வகுப்பைப் பற்றிய மதிப்புரை

பாளையங்கோட்டையில் ஓவிய ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நீர்வண்ண வகுப்பு நடத்துகிறார். பண்டைய ரோமானியக் கட்டடங்களை வரைவதும், வரையும்போதே அவற்றின் வரலாற்றைக் கற்பதும் இவ்வகுப்பின் பாடம். ஓவியத்திற்கு இவ்வளவு நேரம், வரலாற்றுக்கு இவ்வளவு நேரம் என்று அவர் பிரித்து வைப்பதில்லை. கல்லின் எடை எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று தெரிந்தவருக்கே நிழலை எங்கே அழுத்துவது என்று தெரியும் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்; வகுப்பின் சிறப்பு முழுவதும் இந்த உறுதியிலிருந்தே வருகிறது என்பது என் கருத்து.

முதல் பாடம் தாமிரபரணிக் கரையில் நடக்கிறது. சுலோசன முதலியார் தம் பொருளைக் கொடுத்துக் கட்டுவித்து 1843-இல் திறக்கப்பட்ட பாலத்தின் வளைவுகளைப் பென்சிலால் வரைய வேண்டும். நெல்லையப்பர் கோயில் மண்டபங்களில் தூண், தூணின் தலையில் அமரும் போதிகை, அதன்மேல் கிடக்கும் உத்தரம் என்ற அமைப்பைப் பார்த்துப் பழகிய நமக்கு, உத்தரக்கல் முறியாதிருக்கத் தூண்கள் நெருங்கி நிற்க வேண்டும் என்பது புதிதல்ல. வளைவில் ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி எடையை இருபுறக் கால்களுக்கும் தள்ளிவிடுவதால் நடுவில் அகன்ற வெளி கிடைக்கிறது. இதைக் கையால் வரைந்து உணர்ந்த பிறகுதான் தென் பிரான்சிலுள்ள பாண் டு கார் என்ற ரோமானிய நீர்ப்பாலத்தின் படத்தை ஆசிரியர் விரிக்கிறார். நீம் நகருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு தண்ணீர் கொண்டுசென்ற கால்வாயை ஆற்றின் குறுக்கே தாங்கிய பாலம் அது; மூன்று அடுக்கு வளைவுகளுடன் ஏறக்குறைய 49 மீட்டர் உயரம். சாரம் கட்டுவதற்காகச் சுவரில் நீட்டி விடப்பட்ட கற்கள் இன்றும் அப்படியே துருத்தி நிற்கின்றன. அவற்றின் சிறு நிழல்களைச் சரியான சாய்வில் வைத்தவுடன் தட்டையான சுவர் தாளில் எழுந்து நிற்பதைக் காண்பது பெரிய மகிழ்ச்சி.

எனக்கு மிகவும் பிடித்தது ரோம் நகரிலுள்ள பாந்தியன் கோயிலைப் பற்றிய பாடம். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126-ஐ ஒட்டி நிறைவடைந்த அக்கோயிலின் குவிமாடம் 43.3 மீட்டர் விட்டம் கொண்டது. தரையிலிருந்து உச்சித் துளை வரை உயரமும் அதே அளவு. உள்ளே இரும்புக் கம்பி எதுவும் இல்லாமல், சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த கான்கிரீட் மட்டுமே நிற்கிறது. அடியில் ஆறு மீட்டருக்கு மேல் தடித்த சுவர் உச்சியில் சுமார் 1.2 மீட்டராக மெலிகிறது. மேலே போகப் போகக் கனமான கல்துண்டுகளுக்குப் பதிலாக மிதக்கும் அளவுக்கு இலேசான நுரைக்கல்லைக் கலந்திருக்கிறார்கள். ஆசிரியர் இதன் வெட்டுத் தோற்றத்தை வரையச் சொல்லி, அடியில் அடர்ந்த பூச்சும் மேலே செல்லச் செல்ல நீர்த்த பூச்சுமாக ஒரே ஓட்டத்தில் இழுக்க வைக்கிறார். பொருளின் எடை குறைவது வண்ணத்தின் எடை குறைவதாகத் தாளில் இறங்குகிறது. அதன் பின் உட்புறக் காட்சி: வரிசைக்கு 28 வீதம் ஐந்து வரிசைக் குழிப்பெட்டிகள் (குவிமாடத்தின் உட்புறத்தில் குடைந்த சதுரப் பள்ளங்கள்), அவற்றின் மேல் விழும் வெயில் வட்டம். அந்த வட்டத்திற்கு வெள்ளை வண்ணம் கூடாது, தாளின் வெண்மையையே காக்க வேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பு.

நிழலுக்குக் கறுப்பை அவர் அனுமதிப்பதில்லை. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறமே எல்லாக் கல்லுக்கும் போதுமானதாக இருக்கிறது.

கி.பி. 80-இல் திறக்கப்பட்ட ரோமானியக் காட்சியரங்கான கொலோசியத்தின் பாடம் இந்த அளவுக்கு அமையவில்லை. சுவரில் காணும் துளைகள், கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளைப் பிற்காலத்தார் தோண்டி எடுத்த வடுக்கள் என்று அழகாக விளக்குகிறார். ஆனால் நீள்வட்டச் சுவரில் வளைவுகள் தொலைவுக்குத் தொலைவு எப்படிக் குறுகும் என்ற தொலைவுத் தோற்றப் பாடத்தை அவசரமாக முடித்துவிடுவதால், புதியவர்களின் படங்கள் அங்கே சரிந்துவிடுகின்றன. வரலாற்றிலும் பேரரசர்களே பேசப்படுகிறார்கள். கல் சுமந்தவர்களைப் பற்றிச் சொல் இல்லை. கொற்கை முத்து மேற்கே போன காலமும், ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி வருந்திய காலமும் இக்கட்டடங்கள் எழுந்த காலத்தை ஒட்டியவைதாம். நெல்லைச் சீமையில் நடக்கும் வகுப்பு இதை ஒரு வரியில் கடப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கட்டணத்தில் தாள் சேராது. விலை குறைந்த தாள் இரண்டாம் பூச்சிலேயே உரிந்துவிடுவதால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளையே வாங்குங்கள். சித்திரை வெயிலில் வானத்தைப் பூசி முடிக்கும் முன்பே மாடியில் தாள் காய்ந்துவிடுகிறது; சாரல் காலத்தில் ஈரம் நெடுநேரம் நிற்கிறது. பாந்தியன் போன்ற நீண்ட பூச்சுகளுக்குச் சாரல் காலமே வசதி என்பதால், ஆனி மாதத்தில் தொடங்கும் குழுவில் சேர்வது நல்லது.