ஆனேக்கல் பட்டியில் சினைப்பருவ ஒருங்கிணைப்புச் சேவை: எங்கள் அனுபவம்

நாங்கள் பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறோம். ஆனேக்கலுக்கு அப்பால் மாமா பார்த்துக்கொள்ளும் பட்டியில் எங்களுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட மேச்சேரிச் செம்மறிகள் உள்ளன. கிடாய் ஆண்டு முழுவதும் மந்தையோடே திரிந்ததால் குட்டிகள் மாதத்துக்கு இரண்டு மூன்றாகப் பிறந்துகொண்டிருந்தன. ஒரே வயதில் பத்துக் குட்டிகள் வேண்டும் என்று வரும் வியாபாரியை வெறுங்கையோடு அனுப்புவதே வழக்கமாகிவிட்டது. ஆகவே, பட்டிக்கே வந்து ஆடுகளை ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவரும் தனியார் கால்நடைச் சேவை ஒன்றைக் கடந்த ஜூலையில் அழைத்தோம்.

அவர்கள் செய்வது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது புரியாமல் பணம் கொடுத்தால் எது சேவையின் பிழை, எது உடலின் இயல்பு என்று பிரித்துப் பார்க்க முடியாது. செம்மறியின் சினைச் சுழற்சி ஏறக்குறைய 17 நாள். முட்டை வெளியேறிய இடத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் கட்டி உருவாகிப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் இருக்கும்வரை மூளை, முட்டையை வெளியேற்றத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைப் பெருமளவில் வெளிவிடாது, ஆடும் கிடாயை ஏற்காது. சினை பிடிக்கவில்லையென்றால் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அந்தக் கட்டியைக் கரைத்துவிட, தடை நீங்கிய இரண்டொரு நாளில் அடுத்த பருவம் வந்துவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் ஊட்டிய பஞ்சை 12 நாள் யோனிக்குள் வைத்தால், ஒவ்வோர் ஆடும் சுழற்சியின் எந்த நாளில் இருந்தாலும், அந்தப் பஞ்சே மஞ்சள் கட்டியின் வேலையைச் செய்து எல்லா ஆடுகளையும் காத்திருக்க வைக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே காலையில் பஞ்சை எடுத்தால் எல்லாவற்றுக்கும் தடை ஒன்றாக நீங்குகிறது. இத்தகைய பஞ்சை ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் அவிகெசில்-எஸ் என்ற பெயரில் நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

ஜூலை 21 அன்று 24 ஆடுகளுக்குப் பஞ்சு வைத்தார்கள். வந்த இளைஞர்கள் கைதேர்ந்தவர்கள். குழாய்க் கருவியை ஒவ்வோர் ஆட்டுக்கும் கிருமிநாசினியில் கழுவினார்கள், நூலை வெளியே சிறிதளவே தொங்கவிட்டார்கள். ஆனால் இன்னும் ஒருமுறைகூட ஈனாத மூன்று இளம் பெட்டைகளுக்கும் அதே கருவியைச் செலுத்தியதை நான் தடுத்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு இரத்தம் கசிந்தது; அது வலியில் முதுகை வளைத்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஈனாத பெட்டைகளுக்கு இம்முறை ஏற்றதன்று என்று அவர்களே சொல்லியிருக்க வேண்டும்.

பத்து நாள்கூட ஆகாத நிலையில் ஓர் ஆட்டின் பஞ்சு மேய்ச்சலில் எங்கோ விழுந்துவிட்டது. மற்ற 23 ஆடுகளும் அமைதியாக இருக்க, அது மட்டும் இரண்டு நாளில் வாலை ஆட்டிக்கொண்டு கிடாய் கட்டியிருந்த தடுப்பை உரசி நின்றது. பஞ்சு எத்தனை உறுதியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 2 காலையில் பஞ்சுகளை இழுத்தபோது வெண்மையான கோழையும் கடுமையான நாற்றமும் வந்தன. மாமா பதறிவிட்டார், ஆனால் அது பஞ்சு தங்கியிருந்ததால் ஏற்படும் வழக்கமான கசிவுதான், இரண்டு நாளில் நின்றுவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பதற்றம் இருந்திருக்காது. உடனே ஆடொன்றுக்கு 300 யூனிட் வீதம், சினையுற்ற பெண்குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஹார்மோனை ஊசியாகப் போட்டார்கள். செம்மறியின் உடலில் இது நீண்ட நேரம் நின்று முட்டைப் பைகளை வளர்க்கிறது. அளவைக் கூட்டினால் மூன்று நான்கு குட்டிகள் உருவாகித் தாயும் குட்டிகளும் துன்பப்படும். அளவு கூட்டச் சொல்லி மாமா கேட்டபோது உறுதியாக மறுத்த மருத்துவரைப் பாராட்டுகிறேன்.

எந்த ஆட்டோடு சேர்ந்தது என்று தெரிய, கிடாயின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசி விட்டோம். மறுநாள் மாலை முதல் ஆகஸ்ட் 4 இரவு வரை 21 ஆடுகளின் பின்முதுகில் காவி ஏறியது. சேவையின் பெரும் பிழை இங்கேதான். ஒரு கிடாய் போதும் என்று சொல்லியிருந்தார்கள். ஆடுகள் தனித்தனியாகப் பருவத்துக்கு வரும்போது ஒரு கிடாய் முப்பது ஆடுகளையும் பார்த்துக்கொள்ளும். ஒன்றரை நாளுக்குள் இருபது ஆடுகள் என்றால் விந்தும் வலுவும் தீர்ந்துபோகும். கடைசியில் கிடாய் சேர்ந்தவற்றில் பல, சரியாகப் பதினேழாம் நாள் மீண்டும் பருவத்துக்கு வந்தன.

முடிவில் 14 ஆடுகள் டிசம்பர் 28க்கும் ஜனவரி 2க்கும் இடையில் ஈன்றன, மூன்று இரட்டைக் குட்டி போட்டன. பஞ்சை இழந்த ஆட்டையும் சேர்த்து ஆறு, ஜனவரி நடுவில் ஈன்றன. நான்கு சினையாகவில்லை, அவற்றில் இரண்டு, அந்த இளம் பெட்டைகள். ஆறு நாளில் பதினேழு குட்டிகள் என்பது எங்கள் பட்டியில் இதுவரை நடந்ததில்லை. கட்டணம் ஒரு குட்டியின் விலையில் சிறு பங்குதான், ஆகவே அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

மெலிந்த ஆடுகளுக்கு இந்தச் சேவையை எடுக்க வேண்டாம். குளிர்நாட்டுச் செம்மறிகளின் இனப்பெருக்கத்தைப் பகல் குறைவதும், இருட்டில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோனும் ஆள்கின்றன. பெங்களூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு என்பதால், நம் ஆடுகளுக்குத் தீவனமே பெரிய கட்டளை. அடிக்கடி செய்வதும் தவறு, அந்தக் குதிரை ஹார்மோனுக்கு எதிராக ஆட்டின் உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகி அடுத்தடுத்த ஊசிகளுக்குப் பலன் குறையக்கூடும்.

வரும் ஜூலையில் இதே சேவையைத்தான் மீண்டும் அழைக்கப்போகிறோம். ஈனாத பெட்டைகளைத் தனியாகப் பிரித்து விடுவோம், ஆடுகளை இரண்டு குழுவாக்கி மூன்று நாள் இடைவெளியில் பஞ்சு எடுக்கச் சொல்வோம். இரண்டாவது கிடாயை மாமா பக்கத்து ஊரில் இப்போதே பேசி வைத்துவிட்டார்.