பால்பண்ணை நெரிசலில் ஏறிய முள்

மே மாதம் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். மெல்பர்னிலிருந்து திருச்சி வந்து இறங்கிய இரண்டாம் நாளே அப்பாவின் 1998 மாருதி 800ஐ எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போய்வந்தோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போதும் துவாக்குடி வரை டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேதான் நின்றது. திருச்சிக்குள் பால்பண்ணை என்ற இடத்து நெரிசலில் வண்டி ஊர ஆரம்பித்ததும் மளமளவென்று சிவப்புக்கு ஏறிவிட்டது. ஓரங்கட்டினேன். அப்பா துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சூடாக இருக்கும்போது உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் நிற்கும். மூடி கழன்றால் முகத்தில்தான் அடிக்கும். ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்து வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தவர், "ஃபேன் மோட்டார் போயிடுச்சு சார், செட்டா மாத்தணும்" என்று 4,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார். ரேடியேட்டர் தண்ணீரைக் குளிர்விக்கும் ஃபேனைத்தான் சொன்னார். ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. தெரு முனை எலக்ட்ரீஷியனோ, "டைரக்ட் கொடுத்துடலாம், சாவி போட்டா ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார். ஊரில் பழைய வண்டிகள் பலவற்றில் இதைச் செய்கிறார்கள். எந்நேரமும் ஓடினால் மோட்டார் சீக்கிரம் தேய்ந்துபோகும், இன்ஜினும் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அப்பாவின் நண்பர் அரியமங்கலத்தில் ஒரு பாய் பட்டறையைச் சொன்னார். பாய்க்கு அறுபது வயதிருக்கும். பானட்டைத் திறக்கும் முன்பே, "ஓட்டத்துல ஏறுதா தம்பி, நிக்கும்போது ஏறுதா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப ஃபேன் பக்கந்தான். ஓடும்போது எதிர்காத்தே போதும்" என்றார்.

முதலில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஃபேன் மோட்டாரின் கப்ளரை, அதாவது வயர் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் நேராகக் கொடுத்தார். விர்ரென்று சுற்றியது. முந்தின நாள் 4,500 ரூபாய்க்கு மாற்றச் சொன்னது இந்த மோட்டாரைத்தான்!

தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓட வைப்பது தெர்மோ சுவிட்ச். அடுத்து அதன் கப்ளரைக் கழற்றி, கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து சாவியைத் திருப்பச் சொன்னார். ஃபேன் சுற்றியது, ஆனால் சோம்பலாக. பாய் தலையாட்டினார். "சுவிட்சும் போச்சு, எர்த்தும் சரியில்ல பாய்" என்றார் அப்பாவிடம். அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் பாய் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எர்த் வயர், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வயர், பாடியில் சேரும் இடத்தில் போல்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து இறுக்கியதும் சத்தமே மாறிவிட்டது.

அப்புறம் அவர் செய்ததைத்தான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கழற்றிய சுவிட்சை ஒரு கம்பியில் கட்டி, பக்கத்து டீக்கடை அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் முக்கி, மல்டிமீட்டரை வைத்தார். சூட்டில் சுவிட்ச் உள்ளே இணைந்தால் மீட்டர் பீப் என்று கத்த வேண்டும். சத்தமே இல்லை. வாங்கி வந்த புதிய சுவிட்சை முக்கினார். கொஞ்ச நேரத்தில் பீப் என்றது. வெளியே எடுத்து ஆறவிட்டார், பீப் நின்றது. "இப்ப மாட்டலாம்" என்றார். புதுச் சாமானையும் சோதிக்காமல் மாட்டாத மனிதர்!

அப்பா இத்தனை நாள் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். வடித்தபோது துருநிறத்தில் கொட்டியது. பாய் அதையும் கழுவிவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஊற்றினார். சுவிட்ச், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். கூட வைத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. டீக்காசை மட்டும் கொடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் வேண்டுமென்றே பால்பண்ணை வழியாக வந்தோம். அதே நெரிசல். முள் பாதியைத் தாண்டியது, அப்பா டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் விர்ரென்றது. முள் மெல்ல இறங்கியது. மெல்பர்னுக்குக் கிளம்பும் முன் இரண்டு ஃபியூஸ் வாங்கி வண்டியில் போட்டு வைத்தேன்; ஆறாமல் மூடியைத் திறக்கமாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.