இல்லாத ஸ்பிரிங்கை மாற்றியதாகப் பில்: .315 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

உரிமத்தோடு, இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த பழைய .315 ரைஃபிள் வைத்திருப்பவர்கள், அதைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். எங்கள் மாவட்டத்தில் உரிமம் பெற்று நடக்கும் ஓர் ஆயுதக் கடையில் என் பணமும் போயிற்று, அப்பா காலத்து ரைஃபிளின் சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) பாழாயிற்று.

2024 மக்களவைத் தேர்தலுக்காக எல்லோரையும் போல நானும் ரைஃபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தேன். திரும்பி வந்தபோது போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டவும் வெளியே இழுக்கவும் கைப்பிடியோடு இருக்கும் உருளை) எண்ணெய் வெல்லப்பாகு போல இறுகியிருந்தது, அங்கங்கே துருவும் பிடித்திருந்தது. துடைத்துவிட்டுக் கிளப் சுடுதளத்துக்கு எடுத்துப் போனேன். சுட்ட பிறகு போல்ட்டை இழுத்தால் தோட்டாவின் காலிக் கூடு சேம்பரை விட்டுச் சுலபமாக வெளியே வந்தது. ஆனால் வலப்பக்கம் தெறித்து விழவில்லை. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினின் வாயில், அடுத்த தோட்டாவின் மேலேயே படுத்துக்கொண்டது. விரலால் எடுத்துப் போட்டால்தான் அடுத்த தோட்டா ஏறும்.

கடையில் இதை அப்படியே சொன்னேன். கடைக்காரர் போல்ட்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங் போய்விட்டது சார். சேம்பரும் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் சரியாகும்" என்றார். 6,500 ரூபாய். பில்லில் 'எஜெக்டர் ஸ்பிரிங் மாற்றம், சேம்பர் பாலிஷ்' என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாங்கி வந்து சுட்டால் கூடு சேம்பரிலேயே கவ்விக்கொள்கிறது. உள்ளங்கையால் அடித்தால்தான் போல்ட் கைப்பிடி மேலே எழுகிறது. அப்படியே இழுத்து எடுத்தாலும் பழையபடி மேகசின் மேல்தான் விழுகிறது. ஒரு கோளாறோடு போன ரைஃபிள் இரண்டு கோளாறோடு திரும்பியிருக்கிறது.

கிளப்புக்கு வரும் ஒரு பெரியவர் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். பில்லை வாங்கிப் படித்தவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, இந்த ரைஃபிளில் எஜெக்டர் ஸ்பிரிங் என்று ஒரு பாகமே கிடையாதே" என்றார்.

.315 ரைஃபிள் லீ என்ஃபீல்டு அமைப்பில் செய்யப்பட்டது. இதில் எஜெக்டர் என்பது ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதி) இடப்பக்கச் சுவரில் முடுக்கியிருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூ, அவ்வளவுதான். அதன் நுனி உள்பக்கம் லேசாக நீட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டின் முன்முனையான போல்ட் ஹெட்டில் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, கூட்டின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் இழுத்து வரும். அந்தக் கொக்கிக்குப் பலம் கொடுப்பது மெல்லிய தகடு போன்ற ஒரு ஸ்பிரிங். அதன் அழுத்தத்தில் கூடு எப்போதும் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். அதன் வாய் சேம்பரை விட்டு வெளியே வந்ததும் தெறித்துவிடும். அப்படியும் தெறிக்காத கூட்டை ஸ்க்ரூ தட்டிவிடும். தகடு தளர்ந்துவிட்டால், ஸ்க்ரூ வரை வருவதற்குள் கூடு பிடி நழுவிக் கீழே விழுகிறது. என் ரைஃபிளில் நடந்தது அதுதான். துரு ஏறிய அந்தத் தகட்டைக் கடைக்காரர் தொடவே இல்லை. கொக்கிக்கு அடியில் பித்தளைத் தூளும் காய்ந்த எண்ணெயும் இருந்தபடியே இருந்தன.

சேம்பரில் கைவைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்சுவரைச் சுற்றி வளையம் வளையமாக எமரித்தாள் கீறல்கள். சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டி, அழுத்தம் குறைந்ததும் சற்றே சுருங்கி விலகும். சுவரில் கீறல் இருந்தால் பித்தளை அதற்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். கூட்டைச் சுழற்றிப் பார்த்தபோது கீறல்கள் அதன் உடம்பிலும் அச்சாகப் பதிந்திருந்தன. தகட்டை மாற்றிவிடலாம். சேம்பரிலிருந்து போன இரும்பை யார் திருப்பித் தருவது?

கேட்கப் போனபோது, "போல்ட் ஹெட்டை மாற்றிவிடலாம், என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது" என்றார் கடைக்காரர். இதற்கு மட்டும் யாரும் சம்மதித்துவிடாதீர்கள். போல்ட் ஹெட் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அளவு பார்த்துப் பொருத்தியது. வேறொன்றை அளவுமானி வைத்துப் பார்க்காமல் மாட்டினால் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் கூட்டின் விளிம்பு முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், கூடிவிடலாம். அப்போது கூடு நீண்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அந்த இடத்தில் கூடு அறுந்தால் சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கித்தான் வரும்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ரைஃபிளில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். கொக்கிக்கு அடியில் மண்ணெண்ணெய் தொட்ட பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு ஒரு காலிக் கூட்டின் விளிம்பைக் கொக்கியில் மாட்டி, போல்ட்டைக் கிடைமட்டமாகப் பிடித்து லேசாக அசையுங்கள். கூடு நின்றால் தகட்டில் பலம் இருக்கிறது, விழுந்தால் கோளாறு அங்கேதான். சுட்ட கூடுகளின் விளிம்பையும் பாருங்கள். கொக்கி கடித்துக் கிழித்த தடம் இருந்தால் கூடு சேம்பரில் ஒட்டுகிறது என்று பொருள். விளிம்பு சுத்தமாக இருந்து கூடு வெறுமனே நழுவி விழுந்தால், சேம்பரைத் தொட யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

உரிமம் இல்லாதவர் ஆயுதத்தைப் பழுதுபார்க்க 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால் பெரியவர் பார்த்துச் சொன்னதோடு சரி. வெளியூரில் இன்னொரு உரிமக் கடையில் தகட்டை மாற்றினேன். மாற்றியவர் பழைய தகட்டைக் கேட்காமலே என் கையில் கொடுத்தார். இப்போது கூடு தெறிக்கிறது, சேம்பரில் ஒட்டுவது மட்டும் நிற்கவில்லை.

பில், கீறலின் படங்கள், கூடுகள் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ அங்கே கட்டணம் இல்லை. வழி தெரியாதவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். கடைக்காரர் இப்போது பாதிப் பணத்தைத் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று ஆள் அனுப்புகிறார். வாங்கப் போவதில்லை.