மேல்முறையீட்டு வழக்கறிஞர்களுக்கான சங்கம்: சந்தா கட்டலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மேல்முறையீட்டு வழக்குகளை நடத்துகிறவர்களுக்கென, வழக்கமான பார் அசோசியேஷனுக்கு வெளியே வளர்ந்துவரும் சங்கம் ஒன்றில் நான் சந்தா செலுத்தும் உறுப்பினன். அதில் சேரலாமா என்று இளம் வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்பதால், அதன் சேவையையும் அதை நடத்தும் தலைமையையும் பற்றி என் மதிப்பீட்டை எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்குள்ள நீதிமன்ற வளாகங்களில் இருப்பவர்களுக்கு அது புரியாமல் போகாது.

இவ்விரு மாவட்டங்களும் 2004 பிப்ரவரி வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. அதே ஆண்டு ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கப்பட்டபோதும், நம் பகுதியின் மேல்முறையீடுகள் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நீடித்தன. தருமபுரியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் என்பதால், விசாரணையை நடத்திய வக்கீல் வழக்குக் கட்டைச் சென்னை வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும், சாட்சியத்தை முழுதாக அறிந்தவருக்கும் மேல்முறையீட்டை வாதிடுகிறவருக்கும் இடையே பேச்சே இல்லாமல் போவதும் இங்கே பழகிப்போன வழக்கம். இந்த இடைவெளியை அடைப்பதைத்தான் சங்கம் தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது.

அது தரும் சேவைகளில் சந்தாவுக்கு முழுத் தகுதியுடையது காலவரம்புச் சரிபார்ப்பு. மாவட்ட நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ உரிமையியல் மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாட்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தீர்ப்பின் நகல் பெறத் தேவைப்பட்ட நாட்கள் அந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்பதும் தெரியும். ஆனால் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலுள்ள விளக்கத்தின்படி, தீர்ப்பின் முடிவை முறைப்படி பதியும் தீர்ப்பாணையைத் (டிகிரி) தயாரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட காலத்தில், நகல் மனு போடுவதற்கு முந்தைய பகுதி கழிவில் சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தீர்ப்பாணை தயாராகட்டும், பிறகு மனு போடலாம் என்று குமாஸ்தா காத்திருந்த நாட்கள் அத்தனையும் கட்சிக்காரரின் கணக்கில்தான் விழும். சங்கத்தின் அலுவலகத்தில் தீர்ப்புத் தேதியைப் பதிந்துவிட்டால், நகல் மனு போட்டாயிற்றா என்று அவர்களே தொலைபேசியில் கேட்கிறார்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 3ஏ குறுக்கே நிற்கும். மேல்முறையீட்டை விசாரிப்பதென நீதிமன்றம் முடிவெடுக்கும்வரை தீர்ப்பாணையின் நிறைவேற்றத்துக்குத் தடை கிடைக்காது. அதற்குள் எதிர்த்தரப்பு நிறைவேற்று மனுவோடு நீதிமன்ற ஊழியரான அமீனாவை வாசலுக்கே அனுப்பிவிட முடியும். ஒரு தொலைபேசி அழைப்பின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

வரைவு வாசிப்பும் நல்ல சேவைதான், ஆனால் வாசிப்பவரைப் பொறுத்து அதன் தரம் மாறுகிறது. முதல் மேல்முறையீட்டின் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டில் எழும் முக்கியச் சட்டப் பிரச்சினையை மனுவிலேயே துல்லியமாகக் குறிப்பிட வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சொல்கிறது. கீழமை நீதிமன்றம் சாட்சியத்தைத் தவறாக மதிப்பிட்டது என்ற ஒரே புலம்பலை ஐந்து விதமாக எழுதிக் கொண்டுபோகிறவர்களை மூத்த வாசகர்கள் தயவு தாட்சண்யமின்றித் திருப்பி அனுப்புகிறார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இளையவர்களிடம் வரைவு போனால் எழுத்துப் பிழை மட்டும் திருந்தி வருகிறது.

தலைமையின் திறமை பணிகளைப் பிரித்துக் கொடுத்த முறையில் வெளிப்படுகிறது. தொப்பூர் கணவாயை ஒட்டிய விபத்து வழக்குகளில் இழப்பீட்டு மேல்முறையீடுகளுக்கு ஒரு குழுவும், ஓசூர்த் தொழிற்பேட்டைகளைச் சார்ந்த, பணமின்றித் திரும்பிய காசோலை வழக்குகளுக்கு ஒரு குழுவும், நிலப் பாகப்பிரிவினைக்கு ஒரு குழுவும் அமைத்து, ஒவ்வொன்றையும் தலைவர் தம் பிடியில் வைத்துக்கொள்ளாமல் வேறொருவரிடம் விட்டிருக்கிறார். காசோலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யும்போது, அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 விழுக்காட்டைக் கட்டுமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம் என்ற 148ஆம் பிரிவு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்டது. அது குறித்து ஓசூர்க் குழு நடத்திய வகுப்பு, மாநகரங்களில் பெரும் கட்டணத்துக்கு நடக்கும் கருத்தரங்குகளைவிடப் பயனுள்ளதாக இருந்தது. பொன்னாடை போர்த்தும் விழாக்களைத் தலைவர் அறவே நிறுத்திவிட்டதும் அவர்மீது எனக்கு மதிப்பு கூடக் காரணம். அந்த நேரம் முழுதும் வகுப்புகளுக்குப் போகிறது.

வளர்ச்சியைக் கையாள்வதில்தான் அவர் தடுமாறுகிறார். உறுப்பினர் எண்ணிக்கை கூடக்கூட, மேல்முறையீடே நடத்தாதவர்களும் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் சேர்க்கப்படுகிறார்கள். வேறு சங்கங்களிலும் வாக்களித்துவிட்டு இங்கேயும் வாக்களிக்க வருகிறவர்கள் உண்டு. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்துக்கும் பி. டி. கௌசிக்குக்கும் இடையிலான வழக்கில், ஒரு வழக்கறிஞருக்கு ஒரு சங்கத்தில் மட்டுமே வாக்கு என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 2011இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே வழக்கின் தொடர்ச்சியாக, 2024இல் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குமாறும் உத்தரவிட்டது. நம் சங்கத்தின் விதிகளில் இவ்விரண்டுக்கும் இன்னும் இடமில்லை. பிறருடைய தீர்ப்புகளில் பிழை காண்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் தங்கள் விதிப்புத்தகத்தைத் திருத்தத் தயங்குவது வேடிக்கைதான்.

கூட்டங்கள் பெரும்பாலும் தருமபுரியிலேயே நடப்பது இன்னொரு குறை. ஓசூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் மாலை நேரத்தில் வந்து திரும்புவது, குறிப்பாகப் பெண் வழக்கறிஞர்களுக்கு, எளிதன்று. இடத்தை மாற்றி மாற்றி நடத்துவதற்குச் செலவும் பெரிதாகாது. வரவு செலவுக் கணக்கும் தாமதமாகவே கைக்கு வருகிறது.

ஆண்டுக்கு ஓரிரு மேல்முறையீடுகளாவது நடத்துகிறவர் தயங்காமல் சேரலாம். காலவரம்புச் சரிபார்ப்பு ஒன்றே சந்தாவுக்கு ஈடாகிவிடும். விசாரணை நீதிமன்றத்தோடு நிற்கிறவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை, அவரைச் சேர்ப்பதால் சங்கத்துக்கும் நன்மை இல்லை. சேருகிறவர்கள் விண்ணப்பத்தோடு விதிப்புத்தகத்தின் நகலையும் சென்ற ஆண்டின் கணக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். வரைவு வாசிப்புக்கு அனுப்பும்போது மூத்தவர் ஒருவரே வாசிக்க வேண்டும் என்று எழுத்தில் குறிப்பிட்டால், பெரும்பாலும் மறுப்பதில்லை.