எஸ்எஸ்ஹெச்: சும்மா விட்டால் உறைந்துபோகும் ஷெல்

எஸ்எஸ்ஹெச் (தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை தட்டும் வழி) போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் டெர்மினல் செத்துக் கிடக்கிறதே, கோளாறு சர்வரிலா நெட்டிலா என்று ஒரு நண்பர் கேட்டார். பெரும்பாலும் இரண்டிலும் இல்லை.

போர்ட் 22, கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவி ஃபைல்), அதைப் பூட்டும் பாஸ்ஃப்ரேஸ் எல்லாம் தெரிந்த கதை. இடி25519 வகைக் கீ ஒன்று போட்டு, ஃபைலுக்கு 600 பர்மிஷன் (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத) கொடுத்துவிட்டால் வருஷக்கணக்கில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம். நாம் ஓட்டும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச் அவ்வளவு உறுதி.

வம்பெல்லாம் சும்மா இருக்கும்போதுதான். வழியில் இருக்கும் ரவுட்டர் தன் நேட் டேபிளில் (எந்த இணைப்பு எந்தக் கணினிக்கு என்ற பட்டியல்) நம் கனெக்‌ஷனுக்கு ஒரு வரி வைத்திருக்கும். கொஞ்ச நேரம் எதுவும் போகாவிட்டால் அதை அழித்துவிடும். அமேசான் கிளவுடின் நேட் கேட்வேயில் 350 விநாடிதான் கெடு. பல ரவுட்டர்கள் அழித்ததைச் சொல்லக்கூடச் சொல்லாது. தட்டுகிற எழுத்து எங்கோ போய்த் தொலையும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் இருக்கிறதே என்றால், லினக்ஸில் அதன் முதல் பாக்கெட்டே 7200 விநாடி கழித்துத்தான் கிளம்பும்!

நம் கணினியில் டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் ஃபைலில் 'சர்வர்அலைவ்இன்டர்வல் 60' என்று ஒரு வரி போதும். நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள்ளேயே ஒரு விசாரிப்பு போய்வரும், நேட் மறக்காது. மூன்று முறை பதில் இல்லையென்றால் தானே துண்டித்துக்கொள்ளும். அங்கேதான் அடுத்த தலைவலி: வைஃபை நாலு நிமிடம் படுத்தால், முன்பு பிழைத்திருக்கக்கூடிய செஷனும் போய்விடும். ஓடிக்கொண்டிருந்த அப்கிரேடும் ஹேங்அப் சிக்னல் (இணைப்பு போய்விட்டது என்ற அறிவிப்பு) வாங்கிப் பாதியில் நிற்கும். ஆகவே, இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை ஓடவைக்கும் டிமக்ஸ் இல்லாமல் நீண்ட வேலை எதையும் தொடங்காதீர்கள்.

ஏற்கெனவே உறைந்துவிட்டதா? விண்டோவை மூடாதீர்கள். என்டர், ~, புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் வெட்டிக்கொண்டு வெளியே வரும். வரியின் தொடக்கத்தில் வந்தால்தான் ~ வேலை செய்யும், என்டரை விடக் கூடாது. ஒரு சர்வருக்குள்ளிருந்து இன்னொன்றுக்குப் போயிருந்தால், உள்ளே இருப்பதை மட்டும் வெட்ட ~ இரண்டு. ஒன்று மட்டும் போட்டால் வெளி செஷனே போய்விடும். இதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம்.

ஆனால் அந்த இன்டர்வலின் இயல்பு மதிப்பு இன்னமும் 0, அதாவது விசாரிப்பே கிடையாது! புதிதாக வருகிற ஒவ்வொருவரும் உறைந்து, தேடி, கற்க வேண்டுமாம். எஸ்எஸ்ஹெச்சுக்கு மாற்றான மோஷ் இந்த விஷயத்தில் கெட்டி, ஆனால் ஃபயர்வாலில் யுடிபி 60000 முதல் 61000 வரை திறக்க வேண்டும், போர்ட் ஃபார்வர்டிங்கும் (வேறு போர்ட்களை இணைப்பு வழியே கடத்துவது) கிடையாது. ஓபன்எஸ்எஸ்ஹெச்சுக்குப் பத்துக்கு ஐந்து மார்க், அதற்குமேல் கொடுக்க மனசு வரவில்லை. ஆனாலும் புது சர்வரில் நான் முதலில் போடுவதும் இதே ஓபன்எஸ்எஸ்ஹெச்தான்.